எண்ணெய்க் கை, தண்ணிக் கை

இந்தப் பக்கம் வந்து உக்காருங்க தம்பி. அந்தப் பக்கம் ஃபேன் சத்தம், நீங்க பேசுறது ஒண்ணும் விளங்கல. ஆங், இப்ப சரி. அம்மாவைக் கூட்டிட்டு வந்தீங்களா? உள்ள இருக்காங்களா? நல்லது. நான் என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்திருக்கேன். தஞ்சாவூர். காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு திருச்சிக்கு வந்தாச்சு. வந்து என்ன பிரயோஜனம், டோக்கனைக் கையில கொடுத்து உக்கார வச்சுட்டாங்க. இதுக்குள்ள நான் வீணையில ரெண்டு மெட்டு வச்சிருப்பேன்.

அதோ, பச்சைப் புடவை, கதவுகிட்ட நிக்கிறாளே, அவதான். தையல்நாயகி. தையுன்னு கூப்பிடுவேன். உக்காருடின்னா உக்கார மாட்டேங்கிறா. நர்ஸ் கூப்பிட்டா நமக்குக் கேக்காமப் போயிருமாம். அவளுக்குத்தானே காது சரியில்ல, அதனால அந்த பயம்.

தஞ்சாவூர்லயே காது டாக்டர் இல்லையான்னு கேக்குறீங்க. நானும் அதைத்தான் கேட்டேன். அங்க வேணாங்க, நம்ம ஆளுங்க யாராவது பாத்துட்டா ஊரெல்லாம் பேசும்னுட்டா. மேளம் கட்டுற வீட்டுக்காரங்க காது ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தாங்கன்னு ஒருத்தன் சொன்னாப் போதும், பத்து பேர் வேற பட்டறையைத் தேடிப் போயிருவானாம். வாஸ்தவம்தான். அவ காதைப் பத்தி ஊரு பேசுனா எனக்கு என்னன்னு இருந்திர முடியுமா? என் பேருல்ல அடிபடும். சரின்னு கிளம்பி வந்துட்டேன்.

நான் யாருன்னு சொல்லவே இல்ல பாருங்க. குஞ்சிதபாதம். வீணை ஆசாரி. மேளம் கட்டுறதுன்னா தவுல் இல்ல தம்பி, எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. வீணை பாத்திருக்கீங்கல்ல? பலா மரத்தைக் குடைஞ்சு குடம் செய்றோம். அதுலேர்ந்து நீளமா ஒரு தண்டி. நுனியில யாளி முகம். யாளியெல்லாம் செல்லையன் வேலை, என் பட்டறையில கொல்லைப்பக்கம் உக்காந்து உளி போட்டுக்கிட்டே இருப்பான். மரவேலை முடிஞ்சா வீணை முடிஞ்சுதுன்னு நினைப்பாங்க. அதுவரைக்கும் அது வெறும் மரம். தண்டியோட ரெண்டு ஓரத்துலயும் கறுப்பா மெழுகுல கரை கட்டணும். தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள், மூணையும் காச்சி எடுக்கிற மெழுகு. அந்தக் கரை மேல குறுக்கால இருபத்துநாலு வெண்கல மெட்டு. அந்த மெட்டு மேல தந்தியை அழுத்தித்தான் வாசிப்பாங்க. எந்த மெட்டு எங்க உக்காரணும்னு அளவுகோல் கிடையாது. தந்தியை மீட்டிப் பாத்து, சுருதி எங்க சேருதோ அங்க மெழுகை இளக்கி மெட்டை அழுத்தணும். எள்ளு அளவு நகந்தா அபஸ்வரம். அதுதான் மேளம் கட்டுறது. அது என் வேலை. என் காது வேலை.

மணி என்னாச்சு? இன்னும் கூப்பிடல. இருங்க, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்.

இல்ல, இன்னும் ஆளு இருக்காம். தையு சைகை காட்டுறா. இவ ஒருத்தி, வாயைத் திறந்து பேச மாட்டா, எல்லாத்துக்கும் கையைக் காட்டுவா. கொஞ்ச நாளாவே அப்படித்தான் ஆயிட்டா. அப்படியே பேசுனாலும் என் முன்னாடி வந்து நின்னு, முகத்தைப் பாத்து, ஒவ்வொரு வார்த்தையா கத்திப் பேசுறா. காது மந்தமானவங்க கத்திப் பேசுவாங்கன்னு சொல்வாங்கல்ல? பாவம்.

எனக்கு இங்க உக்காந்திருக்க முடியல தம்பி. அங்க பட்டறையில ஒரு வீணை அரைகுறையா கிடக்குது. கமலவேணி அம்மாவோடது. ரேடியோவுல வாசிப்பாங்க, பெரிய கை. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்னுருக்காங்க, சனிக்கிழமை மெட்ராஸ்ல கச்சேரி. இன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மேல் ஸ்தாயி மெட்டு அத்தனையும் பேத்து எடுத்துட்டு நான் புதுசா வைக்கணும். வச்சே தீரணும். ஏன்னா இப்ப அதுல இருக்கிறது என் மெட்டு இல்ல.

என்ன முழிக்கிறீங்க? சொல்றேன்.

மூணு நாலு வருஷமாவே சாமானெல்லாம் கெட்டுப் போச்சு தம்பி. முதல்ல தந்தி. வீணையில பக்கவாட்டுல தாளத்துக்குன்னு மூணு தந்தி இருக்கும், சுண்டுவிரலால தட்டுனா கணீர்னு மேல கேக்கும். இப்ப வர்ற கம்பியில அந்த கணீரே இல்ல. தட்டுனா கட்டைச் சத்தம் வருது. கடைக்காரனை மாத்திப் பாத்தேன், பம்பாய்லேர்ந்து வர்ற கம்பி, ஜெர்மனிக் கம்பின்னு எல்லாத்தையும் வாங்கிப் போட்டேன். ஒண்ணும் சரியில்ல. அப்பறம் மெட்டு. வெண்கலத்துல கலப்படம் பண்றான்னு கும்பகோணத்துப் பக்கம் ஒரு வார்ப்படக்காரன்கிட்ட சண்டையே போட்டுட்டேன். அவன் மெட்டைக் கல்லுல தட்டிக் காட்டி, கேளுய்யா எப்படி அடிக்குதுன்னு கேக்குறான். என்னத்த அடிக்குது, ஓட்டைத் தட்டுன மாதிரி இருக்கு. எழுந்து வந்துட்டேன். பலா மரம் மட்டும் என்ன வாழுதாம்? பண்ருட்டி மரம்தான், நல்லா காஞ்ச மரம்தான், ஆனா குடத்துலேர்ந்து நாதம் வெளிய வரவே யோசிக்குது.

அட, நீங்க சிரிக்காதீங்க. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. இந்தக் காது எங்கப்பா காது. கோயில் மணி அடிச்சா அது என்ன ஸ்வரம்னு கண்ணை மூடிட்டு சொல்வாரு அவரு.

ஆனா பாருங்க, சாமான் இவ்வளவு கெட்டுப் போயும் என் வேலை கெடல. அதுதான் விசேஷம். வாங்கிட்டுப் போறவங்க எல்லாரும், ஆசாரி, உங்க மேல் ஸ்தாயி முன்ன மாதிரி இல்ல, இப்பத்தான் தேனா இருக்குங்கிறாங்க. கமலவேணி அம்மாவே போன வருஷம் சொன்னாங்க. வயசாக ஆக உங்க காது மெருகு ஏறுதுன்னாங்க. தையு காப்பி கொண்டாந்தவ அப்படியே நின்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. எனக்கு அன்னைக்கு சோறே இறங்கல, அவ்வளவு சந்தோஷம்.

இதுல எப்ப சந்தேகம் வந்துதுன்னா, போன மாசம். மெழுகு சூடா இருக்கறப்ப கையில ஒட்டும். ஒட்டாம இருக்க நான் தேங்காண்ணெய் தொட்டுக்குவேன். மெட்டை வச்சு முடிச்சு, கட்டைவிரலால மெழுகை ஒரு தடவு தடவி விடுவேன். எண்ணெய்க் கை பட்ட மெழுகு காஞ்சப்பறமும் மினுமினுன்னு இருக்கும். என் கட்டைவிரல்ல ஒரு உளி வெட்டு இருக்குது பாருங்க, இதோ, இந்தக் கோடு. அது மெழுகுல விழுந்திரும். கையெழுத்து மாதிரி. ஒரு நாள் காலையில கமலவேணி அம்மா வீணையைப் போய்ப் பாக்குறேன், நான் வச்ச கீழ் மெட்டெல்லாம் மினுமினுன்னு கோட்டோட இருக்கு. மேல கடைசி மெட்டுங்ககிட்ட மட்டும் மெழுகு மங்கலா இருக்கு. கோட்டைக் காணோம். யாரோ திரும்ப இளக்கி, மெட்டை நகத்தி, தண்ணி தொட்டுத் தடவியிருக்காங்க.

என் வீணையில யாரு கை வச்சது? முதல்ல செல்லையனைத்தான் நினைச்சேன். வேற பட்டறைக்காரன் எவனாவது அவனைக் கையில போட்டுக்கிட்டு என் வேலையைக் கெடுக்கிறானோன்னு. அவன் கையைப் பிடிச்சு விரலைத் திருப்பிப் பாத்தேன். என்ன ஆசாரிய்யா, ஜோசியமான்னு கேட்டுட்டு இளிக்கிறான். அவன் கட்டைவிரல் அகப்பை மாதிரி இருக்கு. மெழுகுல இருந்தது சின்ன விரல்.

நான் ஒண்ணும் காட்டிக்கல. மேல் மெட்டைப் பேத்து என் இஷ்டப்படி திரும்ப வச்சேன். எண்ணெய் தொட்டு அழுத்தமா ஒரு தடவு. சாப்டுட்டுப் படுத்து எழுந்து வந்து பாத்தா மறுபடியும் தண்ணி. மறுநாளும் அப்படித்தான். நான் தூங்குற நேரம் பாத்து வேலை நடக்குது. இப்படியே போயி, நேத்து மத்தியானம் கண்ணை மூடிட்டு சும்மா படுத்திருந்தேன். பக்கத்து அறையில யாராவது தந்தியைத் தட்டுனா கேக்கும்ல, கேட்டதும் பாஞ்சு போய்ப் பிடிச்சிரலாம்னு. படுத்திருந்தேன், படுத்திருந்தேன், ஒரு சத்தமும் இல்ல. இன்னைக்கு வரல போலன்னு எழுந்து தண்ணி குடிக்கப் போறேன், பட்டறையில தையு உக்காந்திருக்கா.

வீணையை மடியில போட்டுக்கிட்டு. கையில மெழுகு இளக்குறதுக்குக் காச்சுன கம்பி. பக்கத்துல கிண்ணத்துல தண்ணி.

வடை தட்டுற மாதிரி விரலைத் தண்ணியில தொட்டு மெழுகைத் தடவுறா தம்பி. ஒரு மெட்டை நகத்துறா, மீட்டுறா, தலையைச் சாய்ச்சுக் கேக்குறா, நகத்துறா. நான் கதவுகிட்ட நிக்கிறேன், அவ்வளவு பக்கத்துல. விரல் தந்தியில படுறது கண்ணுக்குத் தெரியுது. சத்தமே வரல. அவ்வளவு மெல்ல மீட்டுறா. கைகாரி. எனக்குத் தெரியக்கூடாதுன்னு எப்படிப் பழகியிருக்கா பாருங்க. ஆனா கொல்லையில உக்காந்திருந்த செல்லையன் உளியைக் கீழ வச்சுட்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கிட்டிருந்தான். அவனுக்கு என்ன கேட்டுச்சோ தெரியல. வெயில்ல கிறுகிறுத்திருக்கும்.

என்ன தம்பி? இல்ல, நீங்க ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சு. சரி.

நான் அவளை அடிச்சது கிடையாது, இத்தனை வருஷத்துல. நேத்தும் அடிக்கல. ஆனா அந்தக் கம்பியைப் பிடுங்கி வாசல்ல எறிஞ்சேன். உனக்கு என்னடி தெரியும்னு கேட்டேன். மெழுகு காச்சிக் கொடுக்கிறவ நீ. கல்யாணம் ஆயி வந்த நாள்லேர்ந்து அடுப்பு முன்னாடி உக்காந்து மெழுகு காச்சி, நான் கேக்குறப்ப எடுத்து நீட்டுறவ. சரளி வரிசை தெரியுமா உனக்கு? எத்தனை நாளா இது நடக்குதுன்னேன். கிண்ணத்துத் தண்ணியைப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்பறம் நிமிந்து, என் முகத்துக்கு நேரா பாத்து, ஒண்ணு சொன்னா.

"எனக்குத்தாங்க காது கெட்டுப்போச்சு போலருக்கு. நீங்க வச்சது எனக்குத் தப்பாக் கேக்குது. ஒரு டாக்டரைப் பாத்துரலாமா?"

அவ்வளவுதான் தம்பி, எனக்குக் கோவமெல்லாம் இறங்கிப் போச்சு. பாவம், அவளுக்குத் தப்பாக் கேட்டிருக்கு, அதனால சரி பண்றோம்னு நினைச்சுக் கெடுத்திருக்கா. கெட்ட எண்ணம் இல்ல. பொண்டாட்டி காது கெட்டுப்போச்சுன்னா பாக்க வேணாமா? நாளைக்கே போலாம்னேன். அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. தனியா அந்தப் பெட்டிக்குள்ள உக்கார பயமா இருக்காம். நானும் கூட ஒரு டெஸ்ட் எடுத்துக்கணுமாம். துணைக்கு. ரெண்டு பேருக்கும் சேத்தே சீட்டு போட்டிருக்கா. எடுத்துட்டாப் போச்சு, எனக்கென்ன, காது நல்லாருக்கறவனுக்கு டெஸ்ட்டு ஒரு நோவா?

ஆனா அந்த வீணை விஷயத்துல நான் விட்டுக்கொடுக்கிறதா இல்ல. வர்ற வழியில பஸ்லயே கண்டிஷனா சொல்லிட்டேன். சாயங்காலம் நீ வச்ச மேல் மெட்டு அத்தனையும் பேப்பேன், என் காதுக்கு எது சரியோ அப்படி வைப்பேன், கமலவேணி அம்மா கச்சேரியில நாலு பேர் முன்னாடி அபஸ்வரம் பேசிச்சுன்னா அதோட நம்ம வீட்டு வாசலை ஒருத்தரும் மிதிக்க மாட்டாங்கன்னேன். நீங்க சொல்றது சரிதாங்கன்னா. சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. வல்லம் தாண்டுற வரைக்கும் திரும்பவே இல்ல.

அட, அவளைக் கூப்பிட்டுட்டாங்க போலருக்கு. உள்ள போறா. இங்கேர்ந்தே தெரியுது பாருங்க, கண்ணாடிப் பெட்டி. காதுல அந்தக் கறுப்பு மூடியை மாட்டுறாங்க. டெஸ்ட் எடுக்கிற பொண்ணு வெளிய உக்காந்து குமிழைத் திருகும், உள்ள சத்தம் வரும். சத்தம் கேட்டா விரலைத் தூக்கணும். கேக்கலன்னா தூக்கக் கூடாது. அவ்வளவுதான்.

தூக்குறா.

மறுபடியும் தூக்குறா. இவ என்ன இப்படி சும்மா சும்மா தூக்குறா? கேக்காமலே தூக்குறா தம்பி. பயந்துட்டா. ரெண்டு காதுக்கும் தூக்குறா. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே எழுதுது. இந்த மாதிரி ஏமாத்துனா டாக்டர் எப்படி வைத்தியம் பாப்பாரு? வெளிய வரட்டும், சொல்றேன்.

வந்துட்டா. ஏ தையு, என்னாச்சு? பாருங்க, கையைக் காட்டுறா. நல்லாருக்காம்.

என்ன தம்பி, ஏன் தோளைத் தொடுறீங்க? கூப்பிடுறாங்களா? அவளைத்தான் முடிச்சு அனுப்பிட்டாங்களே. என்னையா? நர்ஸ் என் பேரையா சொல்லுது? எனக்குக் கேக்கலையே. எத்தனை தடவை கூப்பிட்டுச்சு?

இந்த ஃபேனை யாராவது நிறுத்துங்கப்பா. இருங்க, போயிட்டு வந்துர்றேன். இந்தப் பையைப் பாத்துக்குங்க.

*

மிஷின் ரிப்பேர் தம்பி.

இல்ல, நிஜமாத்தான். பையைக் கொடுங்க. உங்கம்மா இன்னும் வரலையா? வந்தா சொல்லுங்க, மிஷின் சரியில்ல, இன்னொரு நாள் வரச் சொல்லுங்க.

முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. கட்டையா ஒரு சத்தம், மிருதங்கத்துல இடது பக்கம் தட்டுன மாதிரி. விரலைத் தூக்குனேன். அப்பறம் கொஞ்சம் மேல. அதுக்கும் தூக்குனேன். அப்பறம் வரல. நான் காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். விரலை இப்படி ரெடியா வச்சுக்கிட்டு. பாருங்க, இப்படி. வந்த உடனே தூக்கிரணும், லேட்டாகிரக் கூடாதுன்னு. அந்தப் பொண்ணு கை குமிழைத் திருகிக்கிட்டேதான் இருக்கு. கண்ணாடியில தெரியுது. என்னைப் பாக்குது, திருகுது. என்னைப் பாக்குது, இன்னும் திருகுது. எனக்கு ஒண்ணும் வரல தம்பி. நான் காத்துக்கிட்டே இருந்தேன்.

அந்தப் பொண்ணு திரும்பி வெளிய தையுவைப் பாத்துச்சு. தையு தரையைப் பாத்துக்கிட்டிருந்தா.

இதே மிஷின்லதான் அவ உக்காந்தா. அவ விரலைத் தூக்கிக்கிட்டே இருந்தாளே. நீங்களும் பாத்தீங்கல்ல?

எனக்கு என்னவோ அந்த நேரம் பாத்து செல்லையன் ஞாபகம் வந்துச்சு. கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கிட்டிருந்தானே, அது. வெயில்ல கிறுகிறுத்தவன் அப்படி ஆட்ட மாட்டான் தம்பி. தாளத்துல ஆட்டுனான்.

அப்பறம் கமலவேணி அம்மா சொன்னது. முன்ன மாதிரி இல்ல, இப்பத்தான்னு சொன்னாங்களே. தையு காப்பி டம்ளரோட நின்னுக்கிட்டிருந்தா.

ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி. அந்த ஃபேன்தான்.

வா தையு. என்ன சொன்னாரு டாக்டர்? இந்தத் தம்பி நம்ம தம்பிதான், சொல்லு. முகத்தைப் பாத்து சொல்லு.

"மிஷின்ல கோளாறாங்க. சரி பண்ணிட்டு கூப்பிடுறேன்னுருக்காங்க. அதுவரைக்கும் ஒண்ணும் யோசிக்க வேணாம்னாங்க."

பாத்தீங்களா தம்பி? நான்தான் சொன்னேனே, மிஷின்தான். அவளே சொல்றா. அவ காது நல்லாருக்காம்ல? நல்லாருக்குன்னாங்களா? சொல்லுடி. அதுல என்ன வெக்கம். நல்லாருந்தா நல்லாருக்குன்னு சொல்லு.

சரி, கிளம்புவோம். மத்தியான பஸ்ஸைப் பிடிச்சா இருட்டுறதுக்குள்ள வீட்டுல இருக்கலாம். வேலை கிடக்குது.

தையு, இந்தா. அந்த வீணையில மேல் மெட்டு வச்சியே, அது வச்சபடியே இருக்கட்டும். கைப்படாம. கீழ நாலஞ்சு மெட்டு பாக்கி இருக்குல்ல, அதுக்கும் நீயே கம்பியைப் பிடி. நான் அடுப்புகிட்ட உக்காந்து மெழுகு காச்சித் தரேன். குங்கிலியம் எவ்வளவு போடுறதுன்னு நீ சொல்லு, நீதானே போடுவ. உனக்குத் தண்ணிதான் வாகுன்னா தண்ணியே தொட்டு வச்சுக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

இந்த மிஷினைச் சரி பண்ற வரைக்கும்தான்.

ஏன்டி அழுவுற? ஆஸ்பத்திரியில வச்சு. இந்தத் தம்பி என்ன நினைப்பாரு. சரி, வர்றேன் தம்பி. அம்மாவைப் பத்திரமா கூட்டிட்டுப் போங்க.

தையு, அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கமா வந்து நட. ரோட்டுல வண்டிச் சத்தமா இருக்கும்.